ஆயில் என்ஜினில் வால்வு சத்தம் – அறிவதும் சரிசெய்வதும்

நெற்பயிர் கதிர் உருவாகத் தொடங்கும் நாள் முதல் பூத்து முடியும் வரை நிலத்தில் ஈரம் குறையலாகாது. 135 நாள் வயதுடைய நெல் இரகத்தில் ஏறத்தாழ 70ஆம் நாள் கதிர் உருவாகத் தொடங்குகிறது. 105ஆம் நாள் வாக்கில் பயிர் பூக்கிறது. நிலக்கடலையில் பூக்கும்போதும், விழுது இறங்கும்போதும், காய் பிடிக்கும்போதும் இதே நிலைதான். இந்நாட்களில் தண்ணீர் தவறினால், பின்னர் எவ்வளவு உரம் இட்டாலும், எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் இழந்த மகசூல் முழுவதும் திரும்பாது.

மின் இணைப்புக் கிடைக்காத கிணறுகளிலும், பில்டர் பாயிண்டுகளிலும், ஆற்று நீர் தாமதிக்கும் கடைமடைப் பகுதிகளிலும் இன்றும் ஆயில் என்ஜின்தான் துணை. பயிரைப் பற்றி எழுத வேண்டியவர் என்ஜினைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். பூக்கும் பருவத்தில் ஒரு வாரம் என்ஜின் நின்றால் அதன் இழப்பு பயிரில்தான் விழுகிறது. என்ஜின் அவ்வாறு நிற்பதற்குரிய காரணங்களுள் ஒன்று வால்வு எரிந்து போவது. அரை மணி நேர வேலையால் பெரும்பாலும் இதனைத் தவிர்க்கலாம். அந்த வேலையை உழவரே செய்து கொள்ளவும் முடியும்.

வால்வு என்ன செய்கிறது?

ஆயில் என்ஜினின் தலைப்பகுதியில் இரண்டு வால்வுகள் உள்ளன. காற்று வடிகட்டியிலிருந்து வரும் காற்றை உள்ளே விடுவது ஒன்று. எரிந்த புகையைச் சைலன்சர் வழியாக வெளியே விடுவது மற்றொன்று. இக்கட்டுரையில் இவற்றைக் காற்று வால்வு, புகை வால்வு என்று குறிப்பிடுவோம்.

என்ஜினின் உள்ளே சுழலும் கேம் ஷாப்ட் புஷ் ராடை மேலே தள்ளுகிறது. புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்குகிறது. ஏற்றத்தின் ஒரு பக்கம் உயர்ந்தால் மறுபக்கம் தாழ்வதுபோல, ராக்கரின் மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கிறது. பிறகு ஸ்பிரிங் வால்வை மீண்டும் மூடுகிறது. பிளைவீல் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் பீட்டர் வகை என்ஜினில் ஒரு வால்வு நிமிடத்திற்கு 750 முறை திறந்து மூடுகிறது. நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடினால் இது 2,70,000 முறை ஆகும். நிமிடத்திற்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் வகை என்ஜினில் இதில் பாதிக்கும் குறைவு.

இடைவெளி எதற்காக?

வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் இடையே சிறிது இடைவெளி இருத்தல் வேண்டும். டாப்பெட் இடைவெளி என்று மெக்கானிக்குகள் கூறுவது இதனையே. வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர், பட்டையை நெருப்பில் காய்ச்சி விரியச் செய்து மாட்டுவதை அனைவரும் அறிவர். வால்வும் அவ்வாறே சூட்டில் நீள்கிறது. 10 செ.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டு 100 டிகிரி சென்டிகிரேடு கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளும். புகை வால்வின் தலையோ 600 டிகிரிக்கும் மேல் சூடாகக் கூடியது. தண்டு நீள்வதற்கு இடம் விடவில்லையென்றால் ராக்கர் வால்வை எப்போதும் சிறிது அழுத்திக் கொண்டே இருக்கும். வால்வு முழுவதும் மூடாது.

வால்வு தன் இருக்கையில் நன்றாகப் படியும்போதுதான் அதன் சூட்டின் பெரும்பகுதி இருக்கை வழியாக என்ஜின் தலைக்கும், அங்கிருந்து குளிர்விக்கும் நீருக்கும் அல்லது காற்றுக்கும் செல்கிறது. சரியாகப் படியாத புகை வால்வு சூட்டை இறக்க வழியின்றித் தவிக்கிறது. அதன் ஓரத்தில் உள்ள சந்து வழியே எரியும் வாயு பீறிட்டுச் செல்கிறது. சில நாட்களில் வால்வின் விளிம்பு எரிந்து பிளந்து விடுகிறது.

சத்தம் நோயா, அறிகுறியா?

இடைவெளி அதிகமானால் ராக்கர் வால்வுத் தண்டைச் சுத்தியல் கொண்டு தட்டுவதுபோல் தட்டும். 'டக், டக்' என்ற சத்தம் கேட்கும். வால்வு தாமதமாகத் திறந்து, முன்னதாகவே மூடிவிடும். உள்ளே செல்லும் காற்று குறையும். பாரம் ஏறும்போது கரும்புகை வரும். நாளடைவில் ராக்கரும் தண்டின் முனையும் தேயும்.

இடைவெளி குறைந்து போனால் எந்தச் சத்தமும் இராது. என்ஜின் முன்னைவிட அமைதியாக ஓடுவதாகவே தோன்றும். ஆனால் இதுவே பெரிய ஆபத்து. என்ஜின் ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே அமர்கிறது. அதனால் தண்டின் முனை மேலே உயர்ந்து இடைவெளி தானாகவே குறைந்து விடுகிறது. எனவே, 'என் என்ஜினில் சத்தமே இல்லை, சோதிக்க வேண்டியதில்லை' என்று இருந்துவிடக் கூடாது.

சத்தம் கேட்கிறது என்று அது அடங்கும்வரை ஸ்குரூவை இறுக்கி விடுவது சிலரது வழக்கம். இது மிகவும் தவறான முறை. சத்தம் போடும் வால்வு தேயும். அதற்கு நாட்கள் பிடிக்கும். சத்தமில்லாமல் இறுகிய வால்வு எரியும். அதற்கு ஒரு பட்டம்கூடத் தாங்காது. ஆகவே, காதை நம்பி இடைவெளி வைக்கலாகாது. அளந்தே வைக்க வேண்டும்.

எந்தச் சத்தம் வால்வுச் சத்தம்?

என்ஜினில் எழும் சத்தங்கள் யாவும் வால்விலிருந்து வருவன அல்ல. கீழ்க்கண்டவாறு பிரித்தறியலாம்.

1. வால்வுச் சத்தம்: மேலே, ராக்கர் மூடியின் பக்கத்திலிருந்து வரும். இலேசாகவும் ஒரே சீராகவும் இருக்கும். பிளைவீல் இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டாகக் கேட்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது தெளிவாகக் கேட்கும். பாரம் ஏறினாலும் இறங்கினாலும் அதிகம் மாறாது.

2. எரிபொருள் தட்டு: கனமான, கடினமான சத்தம். நாசில் சரியாகத் தூவாததாலும், டீசல் முன்னதாகவே பாய்வதாலும் வரும். நிறுத்தும் லீவரை ஒரு கணம் இழுத்து டீசலைத் துண்டித்தால் இச்சத்தம் உடனே நின்றுவிடும். வால்வுச் சத்தமோ என்ஜின் சுழன்று நிற்கும்வரை கேட்டுக் கொண்டே இருக்கும். இது எளிய, நம்பத்தக்க சோதனை.

3. பிஸ்டன் சத்தம்: காலையில் குளிர்ந்த என்ஜினை ஓட்டும்போது கேட்டு, சூடேறியதும் குறையும்.

4. பேரிங் சத்தம்: அடியிலிருந்து வரும் ஆழ்ந்த 'தொம், தொம்' சத்தம். பாரம் ஏறும்போது அதிகமாகும். இச்சத்தம் கேட்டால் உடனே என்ஜினை நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

5. பிளைவீல் சாவி தளர்ந்த சத்தம்: வேகம் மாறும்போதும் நிறுத்தும்போதும் 'தடக்' என்று கேட்கும். இதுவும் உடனே கவனிக்க வேண்டியதே.

சத்தம் வரும் இடத்தை அறிய, நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை ராக்கர் மூடியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்கலாம். துண்டையும் வேட்டி நுனியையும் இறுக்கிக் கட்டிக் கொண்டு, பெல்ட்டுக்கும் பிளைவீலுக்கும் எட்டவே நிற்க வேண்டும். அடைத்த அறைக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ என்ஜினை ஓட்டிக்கொண்டு நிற்கலாகாது. புகையிலுள்ள நச்சு வாயு உயிருக்கு ஆபத்தானது.

சத்தமில்லாத கோளாறை அறிவது எப்படி?

இடைவெளி குறைந்து வால்வு கசிவதைக் கீழ்க்காணும் அறிகுறிகளால் அறியலாம்.

- காலையில் ஹேண்டில் போட்டு வெகுநேரம் சுற்றினாலும் என்ஜின் எளிதில் பிடிப்பதில்லை.
- அதே டீசலுக்கு முன்பு பாய்ந்த அளவு நிலம் இப்போது பாய்வதில்லை.
- பம்பின் பாரத்தில் வேகம் தளர்கிறது, புகை மாறுகிறது.
- பிளைவீலைச் சுற்றும்போது முன்புபோல் எதிர்த்துத் தள்ளுவதில்லை.

டீசலை நிறுத்திவிட்டு, வேறொருவரை மெதுவாகப் பிளைவீலைச் சுற்றச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள். காற்று வடிகட்டியில் 'உஸ்' என்று கேட்டால் காற்று வால்வு கசிகிறது. சைலன்சர் குழாயில் கேட்டால் புகை வால்வு கசிகிறது. எண்ணெய் ஊற்றும் துவாரத்தில் கேட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது என்று கொள்ளலாம். வால்வு கசிவாக இருந்தால் முதலில் இடைவெளியைச் சோதியுங்கள். இடைவெளியைச் சரிசெய்த பிறகும் கசிவு நிற்கவில்லையென்றால் வால்வும் இருக்கையும் கெட்டுவிட்டன. தலையைக் கழற்றி வால்வைத் தேய்த்துப் படியவைக்க வேண்டும்; இது மெக்கானிக்கின் வேலை.

தேவையான கருவிகள்

லாக் நட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் ஒன்று, ஸ்குரூ டிரைவர் ஒன்று, துடைக்கத் துணி, ராக்கர் மூடிக்குரிய கேஸ்கெட், பீலர் கேஜ் ஆகியவை போதும். பீலர் கேஜ் என்பது பல்வேறு கனமுள்ள மெல்லிய எஃகுத் தகடுகளின் தொகுப்பு. ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். சவர பிளேடு, அஞ்சலட்டை, சிகரெட் அட்டை ஆகியவற்றை வைத்து அளப்பது வழக்கத்தில் இருந்தாலும் அவற்றின் கனம் உங்கள் என்ஜினுக்குரிய அளவாக இராது. பீலர் கேஜ் வாங்கும் செலவு ஒரு வால்வின் விலைக்கு முன் பெரிதல்ல. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொண்டாலும் போதும்.

எவ்வளவு இடைவெளி வைக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். என்ஜினுடன் வந்த கையேட்டிலோ, பெயர்த் தகட்டிலோ பார்த்துக் கொள்ள வேண்டும். கையேடு தொலைந்திருந்தால் விற்பனையாளரிடம் என்ஜின் எண்ணைக் கூறிக் கேட்டறியலாம். பக்கத்து வீட்டு என்ஜினின் அளவை உங்கள் என்ஜினுக்கு வைக்கலாகாது. இரண்டு வால்வுக்கும் வெவ்வேறு அளவு கொடுத்திருந்தால் பொதுவாகப் புகை வால்வுக்கே இடைவெளி அதிகம். அதிகச் சூடாவது அதுவே. அளவு குளிர்ந்த நிலைக்கா, சூடான நிலைக்கா என்பதையும் கவனிக்க வேண்டும். சான்றாக, பழைய மாஸி பெர்குசன் 35 டிராக்டரில் உள்ள பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ., சூடான நிலையில் 0.25 மி.மீ. ஆகும்.

பழைய கையேடுகளில் அளவு அங்குலத்தில் இருக்கும். ஒப்பிட்டுக் கொள்ளக் கீழ்க்காணும் கணக்கு உதவும்.

0.006 அங்குலம் – 0.15 மி.மீ.
0.008 அங்குலம் – 0.20 மி.மீ.
0.010 அங்குலம் – 0.25 மி.மீ.
0.012 அங்குலம் – 0.30 மி.மீ.
0.016 அங்குலம் – 0.41 மி.மீ.

சரிசெய்யும் முறை

ஒரு சிலிண்டர் ஆயில் என்ஜினுக்குரிய முறை இது. குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டிய என்ஜினாயின் இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டும்.

1. டீசல் குழாயை மூடி, நிறுத்தும் லீவரை நிறுத்த நிலையில் வையுங்கள். பெல்ட்டைக் கழற்றி விடுங்கள். ராக்கர் மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்த பிறகே மூடியைக் கழற்றுங்கள்.

2. தலை நட்டுகள் தளர்ந்திருந்தால் அல்லது தலையைக் கழற்றி மாட்டியிருந்தால், முதலில் அவற்றைக் கையேட்டில் கூறியபடி இறுக்க வேண்டும். இடைவெளி வைத்த பின் தலையை இறுக்கினால் இடைவெளி மாறிவிடும்.

3. என்ஜினைச் சுற்றுவதற்கு எளிதாக வால்வைத் தூக்கிப் பிடிக்கும் டீகம்ப்ரஷன் லீவர் இருந்தால், அதைப் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். லீவர் வால்வைத் தூக்கிய நிலையில் அளந்தால் அளவு முற்றிலும் தவறாகிவிடும்.

4. என்ஜின் ஓடும் திசையிலேயே பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். காற்று வால்வு கீழிறங்கித் திறப்பதையும், பின்னர் மேலெழுந்து மூடுவதையும் பாருங்கள். அது மூடிய பிறகு, அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக மேலும் சுற்றினால் பிளைவீலில் உள்ள டி.டி.சி. குறி, என்ஜினில் உள்ள முள்ளுக்கு நேராக வரும். அங்கே நிறுத்துங்கள். இப்போது பிஸ்டன் மேலே இருக்கும். இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

5. சரியான நிலைதானா என்று பார்க்க, இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் சிறிது ஆட்டம் இருத்தல் வேண்டும். ஒரு வால்வு மூடும் நேரத்தில் மற்றொன்று திறக்கத் தொடங்கினால் அது தவறான நிலை. பிளைவீலை மேலும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஆட்டமே இல்லாத வால்வு, குறி சரியாக இருந்தும் அசையவில்லையென்றால், அது இறுகிப்போன வால்வாக இருக்கலாம்.

6. உரிய கனமுள்ள தகட்டை ராக்கருக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் இடையே நுழையுங்கள். இலேசான உரசலுடன் தகடு நகர்ந்தால் அளவு சரி. தளர்வாக ஓடினாலும், நுழைய மறுத்தாலும் சரிசெய்ய வேண்டும்.

7. லாக் நட்டைத் தளர்த்தி, தகட்டை உள்ளே வைத்தபடியே, ஸ்குரூவை உரிய உரசல் வரும்வரை திருப்புங்கள். ஸ்குரூ அசையாமல் ஸ்குரூ டிரைவரால் பிடித்துக் கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள்.

8. நட்டை இறுக்கும்போது ஸ்குரூ சிறிது திரும்பி விடுவதுண்டு. ஆகவே மீண்டும் அளக்க வேண்டும். இதற்கு அடுத்த கனமுள்ள தகடு நுழையாதிருப்பதையும் பார்த்துக் கொள்ளலாம். இதே முறையில் மற்ற வால்வையும் சரிசெய்யுங்கள்.

9. பிளைவீலை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி அதே நிலைக்குக் கொண்டு வந்து, இரண்டையும் மறுமுறை அளந்து பாருங்கள்.

10. ராக்கரில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து, கையால் எண்ணெய் விடவேண்டிய வகையாயின் விட்டு, நல்ல கேஸ்கெட்டுடன் மூடியைப் பொருத்துங்கள். உள்ளே கருவியோ துணியோ தங்கிவிடவில்லை என்பதை உறுதி செய்து கொண்ட பின்னரே என்ஜினை ஓட்டுங்கள்.

டிராக்டர் வைத்திருப்போர் ஒவ்வொரு சிலிண்டராக இதே நிலைக்குக் கொண்டு வந்து சரிசெய்யலாம். நான்கு சிலிண்டர் என்ஜினில் 'ஐந்து' என்ற கணக்கை நினைவில் வைத்துக் கொண்டால் போதும். 4ஆவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடி மற்றொன்று திறக்கும் தறுவாயில், 1ஆவது சிலிண்டரைச் சரிசெய்யலாம். அவ்வாறே 3ஐப் பார்த்து 2, 2ஐப் பார்த்து 3, 1ஐப் பார்த்து 4 என்று செய்ய வேண்டும். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 5. கார்களிலும் ஜீப்புகளிலும் ஸ்குரூ உள்ள வகைக்கு அடிப்படை இதுவே. ஆனால் எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்து கொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள கார்களில் கை வைக்கலாகாது.

சரிசெய்த பிறகும் சத்தம் வந்தால்

ராக்கரின் முனை குழிந்து தேய்ந்திருந்தால் தட்டையான தகடு குழியின் மேலே பாலம்போல் நின்றுவிடும்; தகடு காட்டுவதைவிட உண்மையான இடைவெளி அதிகமாக இருக்கும். இத்தகைய ராக்கரை மாற்ற வேண்டும். ராக்கர் புஷ் தேய்வு, புஷ் ராடு வளைவு, ஸ்பிரிங் தளர்வு அல்லது உடைவு, ராக்கருக்கு எண்ணெய் ஏறாமை ஆகியவையும் சத்தத்திற்குக் காரணங்களாகலாம். புஷ் ராடைக் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். உடைந்த ஸ்பிரிங்குடன் என்ஜினை ஓட்டவே கூடாது. வால்வு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனை உடைத்துவிடும்.

எப்போது சோதிக்க வேண்டும்?

கையேட்டில் கூறியுள்ள மணிக்கணக்கைப் பின்பற்றுவதே சிறந்தது. கையேடு இல்லாதோர் 250 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை அளந்து பார்க்கலாம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடினால் இது ஏறத்தாழ 42 நாட்களில் வந்துவிடும். தலையைக் கழற்றி மாட்டிய என்ஜினை 50 மணி நேரத்திற்குள் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

என்ஜின் கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, ஓடிய மணி, ஊற்றிய டீசல், எண்ணெய் மாற்றிய நாள், வால்வு இடைவெளி அளந்த நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் சரிசெய்வதற்கு முன் இருந்த இடைவெளியையும் குறித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புகை வால்வின் இடைவெளி விரைந்து குறைந்து வருமானால், வால்வு இருக்கை தேய்ந்து வருகிறது என்று முன்கூட்டியே அறியலாம். அறுவடைக்குப் பின் ஓய்வாக இருக்கும் நாட்களில் தலையைக் கழற்றிச் சரிசெய்து கொள்ளலாம்.

மணிக்கணக்கு எப்படியிருந்தாலும், ஒரு சோதனையைப் பயிரின் வயதோடு இணைத்து வைத்துக் கொள்வது நல்லது. 135 நாள் நெல்லாயின் விதைத்த 65ஆம் நாளுக்குள் வால்வு இடைவெளியை அளந்து விடுங்கள். கோளாறு ஏதேனும் இருந்தாலும் கதிர் உருவாகும் முன்னர் அதனைச் சரிசெய்ய ஐந்து நாட்களேனும் கையில் இருக்கும்.